‘கம்’ என்றால் ‘வா’ தானா?
அன்றாட ஆங்கிலத்தில் ஏவல் வினை

ஆவடி இரயில் நிலையத்தில் இறங்கி வீடு போய்ச் சேரும் வரை நம் கண்ணில் படுகின்ற ஆங்கிலத்தைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். அதில் செய்தி சொல்பவை குறைவு. நம்மை ஏவுபவையே மிகுதி. கடையின் கண்ணாடிக் கதவில் ஒருபுறம் ‘புஷ்’, மறுபுறம் ‘புல்’. ஏ.டி.எம். திரையில் ‘இன்ஸர்ட் யுவர் கார்ட்’. நீண்ட சுற்றுச்சுவரில் ‘ஸ்டிக் நோ பில்ஸ்’. லாரியின் முதுகில் ‘சவுண்ட் ஹார்ன்’. வீட்டுக்கு வந்தால் மருந்துப் புட்டியில் ‘ஷேக் வெல்’, பிள்ளையின் பள்ளி டைரியில் ‘சைன் அண்ட் ரிட்டர்ன்’. செல்போனைத் திறந்தாலோ ‘அலவ்’, ‘ஷேர்’, ‘அப்டேட்’ என்று ஒரு பட்டாளமே நின்று ஆணையிடுகிறது.

ஆவடி கட்டளைகளுக்குப் பழகிய ஊர். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை போடப்பட்டபோது அது இவ்வூர் வழியாகத்தான் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே பெரிய இராணுவக் கிடங்கு இருந்தது. பின்னர் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கி அங்கிருந்துதான் வெளிவந்தது. விமானப்படை நிலையமும், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மையமும், தமிழ்நாடு சிறப்புக் காவல் படைப் பிரிவுகளும் இங்கே உள்ளன. கட்டளையிடுவோரும் கட்டளைக்குக் கீழ்ப்படிவோருமாகப் பல தலைமுறைகள் இங்கு வாழ்ந்திருக்கின்றன. ஆயினும் நம் வீடுகளில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வாலிபர்களும் ஆங்கிலத்தில் தடுமாறும் இடங்களை வரிசைப்படுத்தினால், ஏவல் வினைக்கு அதில் உயர்ந்த இடம் உண்டு. இத்தனைக்கும் ஆங்கில இலக்கணத்திலேயே ஆக்குவதற்கு மிக எளிதான வினை அதுதான்.

ஐந்து வடிவமும் ஒரு வடிவமும்

ஆங்கிலத்தில் ஏவல் வினையை ‘இம்பெரட்டிவ்’ என்பார்கள். வினைச்சொல்லின் பகுதியை அப்படியே எடுத்து வைத்தால் போதும், ஏவல் ஆகிவிடும். ‘கம்’, ‘கோ’, ‘ஈட்’, ‘ரைட்’. ஒருமை பன்மை இல்லை, ஆண் பெண் இல்லை, பெரியவர் சிறியவர் இல்லை, எழுவாயும் இல்லை. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்று ஆளுக்கு ஆள் மாறுகின்ற வினைகூட ஏவலில் ‘பீ’ என்ற ஒரே சொல்லாக ஒடுங்கிவிடும். ‘பீ கொயட்’ என்று ஒரு பிள்ளையிடமும் சொல்லலாம், ஒரு வகுப்பு முழுவதற்கும் சொல்லலாம்.

நம் மத்ரஸாக்களில் ஸர்ஃப் பாடம் ஓதும் பிள்ளைகளுக்கு இது வியப்பாகவே இருக்கும். அரபியில் ‘எழுது’ என்று சொல்ல ஐந்து வடிவங்களைப் பாடம் செய்ய வேண்டும். ஆண் ஒருவனிடம் ‘உக்துப்’, பெண் ஒருத்தியிடம் ‘உக்துபீ’, இருவரிடம் ‘உக்துபா’, ஆண்கள் பலரிடம் ‘உக்துபூ’, பெண்கள் பலரிடம் ‘உக்துப்ன’. ஏவப்படுபவர் யார், எத்தனை பேர் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனால் அவர் பெரியவரா சிறியவரா என்பதை அது சொல்லாது. அந்த வேலையை உருது செய்கிறது. ஆவடி, அம்பத்தூர்ப் பகுதி வீடுகள் பலவற்றில் உருது பேசுகிறார்கள். அங்கே தம்பியை ‘ஆ’ என்றும், தோழனை ‘ஆஓ’ என்றும், வீட்டுக்கு வரும் பெரியவரை ‘ஆயியே’ என்றும் அழைப்பார்கள். தமிழில் வா, வாரும், வாருங்கள் என்று மூன்று படிகள். பேச்சில் வா, வாங்க என்று இரண்டு.

ஆங்கிலமும் தொடக்கத்தில் இப்படி மொட்டையாக இருக்கவில்லை. ஒருவரை விளிக்க ‘தௌ’ என்றும், பலரை விளிக்க ‘யீ’ என்றும் அதிலும் வேறுபாடு இருந்தது. பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றிப் பெரியவர்களையும் பன்மையில் விளிக்கும் பழக்கம் வந்தது. வரவர எல்லோரையும் அப்படியே விளிக்கத் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டுக்குப் பின் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து மறைந்துபோயிற்று. மிஞ்சியது ‘யூ’ மட்டுமே. பலர் எண்ணுவதுபோல் ஆங்கிலேயர் எல்லோரையும் ‘நீ’ என்று அழைக்கவில்லை. எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே அழைக்கின்றனர். ஆனால் எல்லோருக்கும் ‘நீங்கள்’ என்றான பின், மரியாதை காட்ட அந்தச் சொல் உதவாது. வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஈ, தா, கொடு

அந்த வேறு வழியைப் புரிந்துகொள்ள நம் பழைய இலக்கணங்களே துணை செய்கின்றன. தொல்காப்பியமும் நன்னூலும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகின்றன. மூன்றுக்கும் பொருள் ஒன்றே. தாழ்ந்த நிலையில் இருப்பவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’. ஒத்தவரிடம் கேட்டால் ‘தா’. உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் ‘கொடு’. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் உள்ள உறவு மாற, சொல்லே மாறிவிடுகிறது.

அரபி பலாகத் கலையில் இதே மூன்று படிகள் உண்டு. ஆனால் அங்கே சொல் மாறுவதில்லை, பெயர்தான் மாறுகிறது. மேலிருந்து கீழே வந்தால் ‘அம்ர்’, அதாவது கட்டளை. சமமானவர்களுக்கிடையே என்றால் ‘இல்திமாஸ்’, கோரிக்கை. கீழிருந்து மேலே சென்றால் ‘துஆ’, இறைஞ்சுதல். நாம் அன்றாடம் ஓதும் துஆக்களை இலக்கணக் கண் கொண்டு பாருங்கள். ‘மன்னிப்பாயாக’, ‘தருவாயாக’ என்று நாம் பொருள் சொல்லும் இடங்களில் எல்லாம் அரபியில் இருப்பது ஏவல் வினைதான். அடியான் இறைவனுக்குக் கட்டளை இடுவதாக யாரும் எண்ணுவதில்லை. வடிவம் ஒன்று, யார் யாரிடம் சொல்கிறார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

ஆங்கிலம் இவ்விரண்டு வழியிலும் போகாமல் மூன்றாவது வழியில் போயிற்று. வினையை மாற்றாது, அதற்கு முன்னும் பின்னும் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போகும். ‘ஓப்பன் த விண்டோ’ என்பது வெறும் ஏவல். ‘ப்ளீஸ்’ சேர்த்தால் கொஞ்சம் இளகும். ‘வில் யூ ஓப்பன் த விண்டோ?’ என்று கேள்வியாக்கினால் இன்னும் இளகும். ‘குட் யூ’ என்றால் அதற்கும் மேல். ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?’ என்பது சன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்பது. கடைசிப் படியில் ஏவலே இருக்காது. ‘உள்ளே கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது, இல்லையா?’ என்பார் அவர். நாம் எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்க வேண்டும்! பொதுவாகப் பார்த்தால், வாக்கியம் நீள நீள மரியாதை கூடுகிறது.

இதில் நம்மவர்களுக்கு இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது.

முதற் பள்ளம், கட்டளையைக் கட்டளை என்று அறியாமல் விடுவது. அலுவலகத்தில் மேலாளர், ‘யூ மைட் வான்ட் டு செக் திஸ் ஒன்ஸ் மோர்’ என்கிறார். ‘இதை மறுபடியும் ஒருமுறை சரிபார்க்க நீங்கள் விரும்பக்கூடும்’ என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொண்ட வாலிபர், தமக்கு அப்படி விருப்பமில்லை என்று இருந்துவிடுகிறார். மேலாளர் சொன்னதோ, ‘இதில் பிழை இருக்கிறது, திருத்திக் கொண்டு வா’ என்பது. ‘வுட் யூ மைண்ட்’ என்ற கேள்விக்கு ‘யெஸ்’ என்று பணிவாகத் தலையசைப்பவர்களும் உண்டு. ‘ஆம், எனக்கு ஆட்சேபம் உண்டு’ என்பதல்லவா அதன் பொருள்! ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிவிட்டு வேலையைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது பள்ளம், நம் மரியாதை ஆங்கிலத்தில் காணாமற் போவது. தமிழில் மரியாதை வினையின் விகுதியில் குடியிருக்கிறது. ‘உட்காருங்க’ என்றாலே போதும். ‘தயவு செய்து’ தேவையில்லை. வீட்டுக்குள் அச்சொல்லைச் சொன்னால் ஏதோ மனத்தாங்கல் என்றே நினைப்பார்கள். ஆங்கிலத்தில் ‘உங்கள்’ என்ற அந்த விகுதி இல்லையே! நம் மக்கள் சும்மா இருக்கவில்லை. ‘சார்’ என்ற சொல்லை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ‘கம் சார், சிட் சார்’ என்கிறோமே, அந்தச் ‘சார்’ தமிழ் ‘ங்க’வின் வேலையைத்தான் செய்கிறது. நமக்குள் அது செல்லும். வெளிநாட்டாரிடம் செல்லாது. விருந்தினரைக் கண்ட மகிழ்ச்சியில் ‘வாங்க, வாங்க’ என்பதை ‘கம், கம்’ என்று பெயர்த்தால், அவசரப்படுத்தி விரட்டுவதுபோல் அவர் காதில் விழும். ‘கிவ் மீ ஒன் ஃபார்ம்’ என்று வங்கியில் பணிவாகவே கேட்கிறார் ஒரு சகோதரி. அவர் மனதில் இருப்பது ‘ஒரு பாரம் குடுங்க’. ஆங்கிலக் காதுக்கு எட்டுவதோ ‘கொடு’. ‘குட் ஐ ஹேவ் எ ஃபார்ம், ப்ளீஸ்?’ என்று பழகிக்கொள்வது நல்லது.

ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை, ‘நன்னி, கிவ் மீ வாட்டர்’ என்று கேட்பதும் இவ்வகையே. பிள்ளை தமிழில் கேட்டிருந்தால் ‘தாங்க’ என்றுதான் கேட்டிருக்கும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாததால் மனம் நோகவில்லை என்பது வேறு விஷயம்.

கட்டளை அல்லாத ஏவல்கள்

இதற்கு நேர்மாறாக, மொட்டை ஏவலே மரியாதையாகும் இடங்களும் ஆங்கிலத்தில் உண்டு. ‘ஹேவ் எ சீட்’, ‘ஹேவ் சம் டீ’, ‘கம் இன்’, ‘மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்’. இங்கே ‘குட் யூ’ வராது. ஏவப்பட்ட செயலால் நன்மை அடைபவர் யார் என்பதே அளவுகோல். சொல்பவருக்கு நன்மை என்றால் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். கேட்பவருக்கு நன்மை என்றால் நேரே சொல்லலாம். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தடுமாற்றம் தீரும். ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்று தட்டைக் காட்டிச் சொன்னால், ‘உனக்கு நீயே உதவிக்கொள்’ என்று எடுத்துக்கொண்டு முகம் சுளிக்க வேண்டாம். ‘கூச்சமில்லாமல் எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கள்’ என்பதே அது.

‘கெட் வெல் சூன்’, ‘ஹேவ் எ சேஃப் ஜர்னி’, ‘டேக் கேர்’ என்பவை ஏவலின் உடையில் வந்த வாழ்த்துகள். விரைவில் குணமடை என்று நோயாளிக்கு யாரும் ஆணை பிறப்பிக்க முடியுமா? தமிழில் இதற்கெனத் தனி வினையே இருக்கிறது. வியங்கோள் வினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வாழ்க, வருக, வெல்க. வாழ்த்துவதற்கும், வைவதற்கும், வேண்டுவதற்கும், விதிப்பதற்கும் அது உரியது என்பர் இலக்கணத்தார். ஒருவர்க்கும் பலர்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றே. ஆங்கில ஏவலுக்குத் தமிழில் நேர் இணை தேடினால் ஏவல் வினையை விட இந்த வியங்கோளே நெருங்கி வருகிறது. அதனால்தான் வினாத்தாளில் ‘ஃபில் இன் த ப்ளாங்க்ஸ்’ என்பதைக் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று பெயர்த்திருக்கிறார்கள். எழுதப் போகிறவர் யாரென்று வினாத்தாளுக்குத் தெரியாது. ‘நிரப்பு’ என்றால் அதட்டல். ‘நிரப்புங்கள்’ என்றால் உபசாரம். ‘நிரப்புக’ சரியாகப் பொருந்துகிறது.

அறிவிப்புப் பலகைகளில் இன்று வியங்கோளுக்குப் பதில் ‘வும்’ விகுதி ஆட்சி செய்கிறது. ‘வரிசையில் நிற்கவும்’, ‘காலணிகளை இங்கே விடவும்’, ‘செல்போனை அணைத்து வைக்கவும்’ என்று நம் பள்ளிவாசல்களிலும் காண்கிறோம். அதட்டாமலும் குழையாமலும் சொல்ல நல்ல வடிவம்.

ஒட்டாதே என்று சொல்ல ஒரு வழி

விலக்கும் ஏவலுக்கு ஆங்கிலத்தில் ‘டூ நாட்’ வேண்டும், பேச்சில் ‘டோன்ட்’. ‘பீ’ வினைக்கும் இது உண்டு: ‘டோன்ட் பீ லேட்’. பழைய ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் ‘நாட்’ வைத்தே விலக்கினார்கள். ‘கோ நாட்’ என்பதுபோல. அந்த வழக்கு இன்று பழம் நூல்களோடு நின்றுவிட்டது.

ஆனால் நம் சுவர்களில் வேறொரு பழைய பாணி இன்னும் உயிர் வாழ்கிறது. ‘ஸ்டிக் நோ பில்ஸ்’ என்பதில் ‘டோன்ட்’ எங்கே? விலக்கு, வினையிலிருந்து நழுவிப் பெயரின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ‘எந்தச் சுவரொட்டியையும் ஒட்டாதே’ என்பது பொருள். இங்கே ‘பில்’ என்பது மளிகைக் கடை பில் அன்று, விளம்பரத் தாள். ‘கமிட் நோ நியூசென்ஸ்’ என்பது இதன் உடன்பிறப்பு. அதற்கு ‘இங்கே சிறுநீர் கழிக்காதே’ என்பதே பொருள் என்பதைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது! அக்காலத்து ஆங்கில நாகரிகம் அதை வெளிப்படையாகச் சொல்லக் கூசியது. விளைவு, யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்குப் புரியாமலே போயிற்று. இதைவிட ஒரு கட்டளை தோற்க முடியாது.

தொலைதூர இரயில் பெட்டிகளில் ‘டு ஸ்டாப் ட்ரெய்ன் புல் செயின்’ என்று எழுதியிருக்கும். இரயிலை நிறுத்தச் சங்கிலியை இழு. ஏன் செய்ய வேண்டும் என்பது முன்னால், செய்ய வேண்டியது பின்னால். தக்க காரணமின்றி இழுத்தால் 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாசகத்தின் முன்பாதியைப் படிக்காமல் பின்பாதியை மட்டும் படிப்பவர் பாடு கஷ்டந்தான்.

ஹோல்டானும் ரைட்டும்

ஆங்கில ஏவலைத் தமிழ் மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க விரும்பினால் ஆவடிப் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். நடத்துநர் ‘ஹோல்டான்!’ என்று குரல் கொடுத்தால் வண்டி நிற்கிறது. அது ‘ஹோல்ட் ஆன்’ என்ற ஏவல். தொலைபேசியில் ஆங்கிலேயர் சொல்லும்போது ‘சற்றுப் பொறுங்கள்’ என்று பொருள்படுவது, இங்கே ‘நிறுத்து’ என்று ஆகிவிட்டது. ‘போலாம், ரைட்!’ என்றால் வண்டி புறப்படுகிறது. ‘ரைட்’ வினைச்சொல்லே அன்று. ஆயினும் அதைக் கேட்டுப் புறப்படாத ஓட்டுநர் உண்டா? சொல் எந்த வகை என்பதைச் சூழ்நிலை முடிவு செய்கிறது. சொல்லே இல்லாமல் விசிலும் அதே வேலையைச் செய்யும்: ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ.

இன்னொன்றையும் செய்தார்கள். ஆங்கில வினையை வாங்கிக்கொண்டு, அதன் ஏவலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ‘வெயிட் பண்ணு’, ‘வெயிட் பண்ணுங்க’. ‘கால் பண்ணு’, ‘கால் பண்ணுங்க’. ஆங்கிலச் சொல் ஆணியடித்ததுபோல் அசையாமல் நிற்க, பின்னால் வரும் ‘பண்ணு’தான் பெரியவர் சிறியவர் பார்த்து வளைந்து கொடுக்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவதைக் குறைகூறுவோர் பலர். நானும் மேடையில் குறைகூறுபவன்தான். ஆனால் ‘வெயிட்’ என்று மட்டும் மாமனாரிடம் சொல்ல எந்த மருமகனுக்கும் நா வராது. ஆங்கிலத்தில் இல்லாத ‘ங்க’வை எப்படியாவது கொண்டுவந்து ஒட்டினால்தான் அவருக்கு மனம் நிறைகிறது.

அணிவகுப்பு மைதானத்துக் கட்டளையில் மட்டும் மரியாதை விகுதி எம்மொழியிலும் நுழைவதில்லை. ‘குயிக்’ என்று நீட்டி, சற்று நிறுத்தி, ‘மார்ச்!’ என்று வெட்டுவார்கள். என்.சி.சி. பிள்ளைகள் இந்தியில் கேட்கும் ‘தேஸ்... சல்!’ என்பதும் அவ்வாறே. முதற்பகுதி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாம் பகுதி எப்போது என்பதைச் சொல்கிறது. இடையில் உள்ள மௌனத்தில்தான் நூறு கால்களும் ஒரே நேரத்தில் எழத் தயாராகின்றன. படைத்தேர்வுக்குப் போகும் நம் வாலிபர்கள், முதற்பகுதியைக் கேட்டவுடனே காலைத் தூக்கிவிடாமல் இருக்கப் பழகிக்கொள்வது நலம்.

இரண்டு சொல் வினைகள்

வினை ஒன்றாய் இருந்தாலும் அதன் பின்னால் ஒட்டிவரும் சிறு சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடும். ‘புட் ஆன்’ என்றால் அணிந்துகொள். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘புட் அவுட்’ என்றால் நெருப்பை அணை. ‘கீப் ஆஃப் த கிராஸ்’ என்பதைப் புல்லைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; புல்தரையை மிதிக்காதே. தொழிற்சாலைகளில் இது உயிர்ப் பிரச்சினை. பழுது பார்க்கும் இயந்திரத்தின் விசையில் ‘டூ நாட் ஆபரேட்’ என்ற அட்டை தொங்கினால், உள்ளே ஓர் ஆள் கையை விட்டிருக்கிறார் என்று பொருள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் அறியும்படி நிறங்களை வைத்திருக்கிறார்கள்: சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் செய்யாதே; நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்; மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை. தீயணைப்பு உருளையை இயக்க நான்கு ஏவல்கள்: புல், எய்ம், ஸ்குவீஸ், ஸ்வீப். ஊசியை இழு, தீயின் அடிப்பாகத்தைக் குறிவை, பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு. நான்கின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘பாஸ்’ என்று நினைவில் கொள்வார்கள்.

மருந்துப் புட்டியும் வினாத்தாளும்

தாய்மார்கள் அதிகம் கவனிக்க வேண்டியது மருந்து அட்டைகளை. ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்பதை அலட்சியம் செய்தால், அடியில் தங்கிவிடும் மருந்து முதல் நாள்களில் குறைவாகவும் கடைசி நாள்களில் மிகுதியாகவும் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். தூளாக வரும் ஆன்டிபயாடிக் மருந்தில், கொதிக்க வைத்து ஆறவைத்த நீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றச் சொல்லியிருக்கும். ‘பாயில்ட்’ என்பதை மட்டும் பார்த்து, ‘கூல்ட்’ என்பதை விட்டுவிட்டால் வெந்நீரை ஊற்றி மருந்தையே கெடுத்துவிட நேரும். ‘டூ நாட் க்ரஷ் ஆர் ச்யூ’ என்ற மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பினால் நடக்கும் தவறு. மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’ என்பதில் ஏவல் வினையே இல்லை. ஆனால் புட்டியில் உள்ள வாசகங்களிலேயே கடுமையான விலக்கு அதுதான்: வாயில் ஊற்றாதே.

பிள்ளைகளின் வினாத்தாளிலும் மதிப்பெண் ஏவல் வினையில்தான் இருக்கிறது. ‘டிஃபைன்’ என்றால் இலக்கணம் கூறு. ஓரிரு வரி போதும். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்றால் எப்படி, ஏன் என்று விளக்கு. ‘கம்பேர்’ என்றால் இரண்டையும் அருகருகே வை. ஒன்றை மட்டும் இரண்டு பக்கம் எழுதினால் பாதி மதிப்பெண் போகும். ‘டிஸ்கஸ்’ என்றால் பக்கத்து மாணவனோடு கலந்து பேசு என்பதல்ல. பல கோணங்களில் ஆராய்ந்து எழுது. ‘ஜஸ்டிஃபை’ என்றால் காரணம் காட்டு. ‘ஆன்சர் எனி ஃபைவ்’ என்பதைக் கவனியாமல் எட்டுக்கும் விடை எழுதி, நேரம் போதாமல் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். வீட்டில் தேர்வுக்குப் படிக்க வைக்கும்போது, வினாவின் முதற் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். அதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. உம்மாவே சொல்லித் தரலாம்.

செல்போன் திரையில் வரும் ஏவல்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். வங்கி அனுப்பும் உண்மையான குறுஞ்செய்தியின் வாசகம் பெரும்பாலும் விலக்கு: ‘டூ நாட் ஷேர் ஓ.டி.பி. வித் எனிஒன்’. மோசடிக்காரன் அனுப்புவது ஏவல்: ‘கிளிக்’, ‘வெரிஃபை’, ‘அப்டேட் இமீடியட்லி’. அதன் கூடவே ஓர் அச்சுறுத்தலும் வரும். இன்றிரவுக்குள் கணக்கு முடங்கிவிடும், மின்சாரம் துண்டிக்கப்படும் என்று. அண்மைக் காலமாக, காவல்துறை அதிகாரி போல் உடையணிந்து வீடியோவில் தோன்றி, ‘டோன்ட் டிஸ்கனெக்ட்’, ‘டோன்ட் டெல் எனிஒன்’ என்று முதியவர்களை மணிக்கணக்கில் அறையில் அடைத்து வைத்துப் பணம் பறிக்கிறார்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. கட்டளைக்குப் பணிந்தே பழகிய, ஓய்வு பெற்ற பெரியவர்கள் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். ஆங்கிலத்தில் அதட்டும் குரலுக்கு அவர்கள் வாழ்நாளெல்லாம் எழுந்து நின்றவர்கள். அந்த அழைப்பை உடனே துண்டித்து, வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறும் வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.